மச்சாள் கல்யாணமும் மாஸ்க் பைக்கற்றின் பின்பக்கமும்

மே 20, செவ்வாய்

மச்சாளுக்கு ஆனியில் கல்யாணம். கனடாச் சித்தி அனுப்பிய பார்சல் இன்று யாழ்ப்பாணம் கொக்குவிலுக்கு வந்து சேர்ந்தது. சொக்லேட், பாதாம், மாமாவுக்கு இரண்டு சேர்ட். மிச்சமெல்லாம் முகத்துக்குப் பூசுகிற சாமான்கள். வேலை முடிந்து நான் போனபோது அவள் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள். களிமண் மாஸ்க் ஒரு டியூப், முகத்தில் ஒட்டுகிற துணி மாஸ்க் ஒரு கட்டு, தங்க நிறத்தில் உரித்தெடுக்கிற மாஸ்க் ஒன்று.

"நீ பாமசியில நிக்கிறனி தானே, எது நல்லதெண்டு பார்த்துச் சொல்லு" என்றாள்.

குசினிக்குள் இருந்து மாமியின் குரல் வந்தது. "உதெல்லாம் என்னத்துக்கு? கடலைமாவும் கஸ்தூரி மஞ்சளும் தயிரும் தேசிக்காய்ப் புளியும் காணும். நாங்கள் என்ன வடிவில்லாமலோ கலியாணம் கட்டினனாங்கள்?"

மச்சாளின் முகம் இப்போது இரண்டு விதமாக இருக்கிறது. நெற்றியும் மூக்கும் மத்தியானத்துக்குள் எண்ணெய் வழிகிறது. கன்னம் இந்தச் சோளகக் காற்றுக்குக் காய்ந்து செதில் விடுகிறது. ஒரே மாஸ்க்கை முகம் முழுக்க அப்பினால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் எரியும். ஆறுதலாகப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, உறைகளின் பின்பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

மே 22, வியாழன்

கடையில் சனம் குறைந்த நேரம் பார்த்துத் துணி மாஸ்க்கின் படத்தைப் பெருப்பித்துப் படித்தேன். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ஹையலூரோனிக் அசிட்', பக்கத்தில் ஒரு நீர்த்துளி. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பட்டியல்: தண்ணீர், கிளிசரின், பியூட்டலீன் கிளைகோல், நயசினமைட், பீனொக்சிஎதனோல், சோடியம் ஹையலூரோனேட், வல்லாரைச் சாறு, வாசனை, லிமொனீன், லினலூல்.

கூடுதலாக உள்ளது முதலில் வரவேண்டும், குறைய உள்ளது பிறகு. ஆனால் அந்த ஒழுங்கு ஒரு சதவீதம் வரைக்கும்தான். அதற்குக் கீழே உள்ளவற்றைத் தயாரிக்கிறவர் தனக்கு விருப்பமான வரிசையில் எழுதலாம். எனக்கு எல்லைக்கல் பீனொக்சிஎதனோல். பழுதாகாமல் இருக்கச் சேர்ப்பது, ஐரோப்பிய விதிப்படி உச்சம் 1 சதவீதம். அதற்குப் பின்னால் நிற்கிற எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. முன்பக்கத்தில் ஹையலூரோனிக் அசிட் என்ற பேரில் ராசா மாதிரி நிற்கிற ஹையலூரோனேட், பின்பக்கத்தில் அந்த எல்லைக்கு அங்காலே.

அது குறைவாக இருப்பதை மோசடி என்று சொல்லமாட்டேன். 0.1 சதவீதமே அந்தச் சாற்றைக் கொழகொழவென்று ஆக்கப் போதும். ஆனால் மாஸ்க்கைக் கழற்றியதும் முகம் பளபளப்பதற்குப் பெரும்பங்குக் காரணம் தண்ணீரும் கிளிசரினும்தான். கிளிசரின் எங்கள் கடையில் சின்னப் போத்தலில், மருந்து அலமாரியின் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடக்கிறது. ஒருவரும் கேட்பதில்லை. அதில் நீர்த்துளிப் படம் இல்லை.

நயசினமைட் நல்ல பொருள், மறுப்பில்லை. எண்ணெயையும் கறையையும் ஓரளவு குறைக்கும். ஆய்வுகளில் 4, 5 சதவீதம் உள்ள கிறீமை நாளாந்தம், கிழமைக்கணக்காகப் பூசியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. கிழமைக்கு ஒருதரம் 20 நிமிடம் ஒட்டிவிட்டு எடுப்பது அந்தக் கணக்கில் வராது.

பின்னேரம் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, வல்லாரை என்றதும் மச்சாளுக்குச் சிரிப்பு. அவர்கள் வீட்டுக் கிணற்றடியில், தண்ணீர் ஓடுகிற வாய்க்காலோரம் அது படர்ந்து கிடக்கிறது. கிழமைக்கு ஒரு நாளாவது சம்பல். கொரியாவில் அதிலிருந்து மடகாசோசைட் போன்றவற்றைப் பிரித்தெடுத்து, சிவந்து எரிகிற தோலை ஆற்ற என்று போடுகிறார்கள். மாமி உடனே நாலு கொத்துப் பிடுங்கி அம்மியில் வைக்க ஆயத்தம். வேண்டாம் மாமி, சம்பலுக்கே வையுங்கோ என்றேன். பிரித்துச் சுத்தமாக்கியதும் வாய்க்கால் மண்ணோடு அரைத்ததும் ஒன்றல்ல.

எனக்குப் பிடிக்காதது கடைசி மூன்றும். லிமொனீனும் லினலூலும் வாசனைக்குள் இருக்கிறவைதான். சிலருக்கு ஒவ்வாமை தருவதால் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தனியாக எழுத வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மே 25, ஞாயிறு

இன்று களிமண் டியூப். பட்டியல் நேர்மையானது: தண்ணீர், கயோலின், பென்டோனைட், கிளிசரின், பிறகு சில்லறைகள். முன்பக்கத்தில் 'களிமண்' என்று போட்டிருக்கிறது, பின்பக்கத்திலும் களிமண் இரண்டாம் மூன்றாம் இடத்தில் நிற்கிறது. இப்படி இரண்டு பக்கமும் ஒத்துப்போவது அருமை.

இரண்டும் களிதான், குணம் வேறு. கயோலின் பீங்கான் செய்கிற வெண்களி. தெற்கே போரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடவிலும் இந்தக் களி உண்டு. தண்ணீர் பட்டால் பெரிதாக உப்பாது, எண்ணெயை மெல்ல எடுக்கும், காய்ந்த தோலுக்கும் ஓரளவு தாங்கும். பென்டோனைட் அப்படியில்லை, தண்ணீரைக் குடித்து நன்றாக வீங்கும், காயும்போது இழுக்கும். மன்னார்ப் பக்கம் முருங்கனில் மாரிக்கு உப்பிக் கோடைக்கு வெடிக்கிற நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை, அந்தக் களியில் இருப்பதும் இந்தக் குடும்பத்துக் கனிமம்தான். காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்கு ஒரு காலத்தில் களி போனது அங்கேயிருந்து. முல்தானி மிட்டியும் கிட்டத்தட்ட இதே சாதி.

ஆகவே மச்சாளுக்கு நெற்றியிலும் மூக்கிலும் நாடியிலும் மட்டும் பூசினேன், கன்னத்தை விட்டுவிட்டேன். மெல்லிய சாம்பல் பூச்சு. கொஞ்ச நேரத்தில் விளிம்பு வெளுத்து வர, மூக்கின் மேல் குண்டூசி முனை அளவில் கரும்புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பயந்துவிட்டாள். ஒவ்வொரு துவாரத்திலும் இருந்த எண்ணெய் களிக்குள் ஊறி ஈரமாகத் தெரிகிற இடங்கள் அவை. நஞ்சு வெளியேறுகிறது என்று விளம்பரத்தில் காட்டுவதும் இதைத்தான். நஞ்சை வெளியேற்ற ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, மூக்குக்கு அந்த வேலை இல்லை.

நடுவில் ஈரம் இருக்கும்போதே கழுவச் சொன்னேன். மாமி விடவில்லை. "இறுகட்டும் பிள்ளை, இறுகினால்தானே தோலும் இறுகும்." அந்த இறுக்கம், களி முதலில் தன் தண்ணீரையும் பிறகு தோலின் தண்ணீரையும் இழப்பதால் வருகிறது. வெடித்து உதிரும் வரை வைத்தால் மறுநாள் நெற்றியும் கன்னம் போலச் செதில் விடும்.

கழுவுவதிலும் ஒரு சிக்கல், அது நம்மூர்ச் சிக்கல். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறுகிற தண்ணீர். கேத்தில் அடியில் வெள்ளைப் படை பிடிப்பது அதனால்தான். சவர்க்காரம் இந்தத் தண்ணீரில் நுரைக்கப் பஞ்சிப்படும், கல்சியத்தோடு சேர்ந்து ஒரு மண்டியாகத் தோலிலேயே ஒட்டி நிற்கும். மாஸ்க்கை வெறும் தண்ணீரால், மெல்லிய துணி நனைத்துத் துடைத்தெடுப்பது போதும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் அரை மணித்தியாலப் பாடு வீண்.

சவர்க்காரக் கதை வந்ததும் மாமி யுத்த காலத்துக்குப் போய்விட்டார். சவர்க்காரம் கிடைக்காத நாட்களில் பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தார்களாம். வேலை செய்ததற்குக் காரணம் இருக்கிறது. பனங்களியில் சப்பொனின் வகைப் பொருட்கள் உண்டு, அதுதான் நுரையும் கைப்பும். "முகத்துக்கும் பூசினனீங்களோ மாமி?" என்று மச்சாள் கேட்டாள். "பசிக்குத் தின்னவே காணாது, முகத்துக்கோ" என்றார்.

மே 29, வியாழன்

மாமியின் பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டுமே. இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் வாங்கிய 'கஸ்தூரி மஞ்சள்' பைக்கற் ஒன்று அவரிடம் இருந்தது. என்னோடு வேலை செய்கிற அக்காவிடம் நான் சொல்லிச் சித்த மருந்துக் கடையொன்றில் இன்னொன்று எடுப்பித்தேன். மூன்றாவது, சமையலறை மஞ்சள் தூள்.

மூன்றையும் ஒரு வெள்ளைப் பீங்கானில் தனித்தனியாகக் கொட்டி, சுண்ணாம்புத் தண்ணீர் ஒவ்வொரு சொட்டு விட்டோம். சமையல் மஞ்சள் விட்ட உடனேயே ஆலாத்தி நிறம், கடும் சிவப்பு. மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமின், சுண்ணாம்பு போன்ற காரத்தில் இப்படித்தான் மாறும். சந்தைப் பைக்கற்றும் அதே சிவப்பு. மருந்துக் கடைத் தூள் வெளிறிய சந்தன நிறம், சொட்டு விட்ட இடத்தில் லேசான செம்மஞ்சள் மட்டும், மணத்தில் ஒரு கற்பூர வாடை. கஸ்தூரி மஞ்சள் வேறு இனம், அதில் குர்குமின் குறைவு, அதனால்தான் முகத்தில் மஞ்சள் பிடிக்காது. ஆய்வுகூட முடிவு என்று இதைச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் சமையல் மஞ்சளோடு ஏதோ ஒரு மாவைக் கலந்தால் நிறம் மங்கும், சுண்ணாம்புக்கு மட்டும் மறைக்க முடியாது. 2020இல் இறக்குமதி நின்று மஞ்சள் தங்க விலைக்குப் போனதே, அதிலிருந்து எந்த மஞ்சள் தூளையும் எனக்கு முழுதாக நம்ப வருவதில்லை.

மாமி பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் விலையும் திகதியும் தவிர ஒன்றுமில்லை. கனடா உறையில் படிக்கவாவது பத்துச் சொல் இருந்தது.

கடலைமாவும் தயிரும் எனக்குச் சம்மதம். மா எண்ணெயை எடுக்கும், தயிரில் கொழுப்பும் கொஞ்சம் லக்டிக் அமிலமும் உண்டு, காய்ந்த கன்னத்துக்கு அந்தக் களிமண்ணை விட இது நல்லது. ஒரே நிபந்தனை, அன்றைக்குக் கரைத்தது அன்றைக்கே முடிய வேண்டும். டியூபில் இருக்கிற பீனொக்சிஎதனோலை மாமி 'கெமிக்கல்' என்று திட்டுகிறார். அது இல்லாததால்தான் மாமியின் கிண்ணம் இரண்டாம் நாள் மணக்கத் தொடங்குகிறது.

தேசிக்காயில்தான் சண்டை. அமிலத்தை அளக்கிற பிஎச் எண் குறையக் குறையப் புளிப்புக் கடுமை. தேசிக்காய்ப் புளியின் பிஎச் இரண்டை ஒட்டியது, நம் தோலுடையது ஐந்தை ஒட்டியது. அது போதாதென்று தேசிக்காயில், அதுவும் தோலில் கூடுதலாக, பியூரோகுமரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளித்து, ஆறிய பிறகு மாதக்கணக்கில் கரும் கறையாக நிற்கும். வைகாசி வெயிலில் முகத்தில் தேசிக்காய் பூசிக்கொண்டு சாறி எடுக்க யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனால் கல்யாணப் படத்தில் தெரியும். "எங்கட காலத்தில வெயில் இல்லையோ?" என்பது மாமியின் கடைசி அஸ்திரம். கிண்ணத்தில் தேசிக்காய் விடவில்லை. பாதியை எடுத்துத் தன் தேத்தண்ணிக்குள் பிழிந்துகொண்டார்.

ஜூன் 1, ஞாயிறு

காதுக்குப் பின்னால் தடவிய துணி மாஸ்க் சாறு சிவந்து கடித்தது. களிமண் டியூப் பேசாமல் இருந்தது. துணி மாஸ்க் கட்டு முழுவதும் அவளுடைய தங்கைக்குப் போகிறது, அவளுக்கு எதுவும் கடிக்காது.

ஜூன் 3, செவ்வாய்

இன்று கடைக்கு ஓர் அன்ரி வந்தார், மகளுக்கும் கல்யாணமாம். கைப்பையிலிருந்து சின்னக் கிறீம் டப்பா ஒன்றை எடுத்து, இதே வேண்டும் என்றார். பத்து நாளில் வெள்ளையாக்கினதாம். திருப்பிப் பார்த்தேன். பட்டியல் இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை, இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை.

பத்து நாளில் நிறம் மாற்றுகிறவை எவை என்று எங்களுக்குத் தெரியும். ஒன்று பாதரச உப்பு. இரண்டு, குளோபெட்டசோல் போன்ற கடும் ஸ்டீரொயிட். மூன்று, அளவில்லாத ஹைட்ரோகுயினோன். பாதரசம் தோலுக்குள்ளால் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும், துவாயாலும் தலையணையாலும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டும். பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை, அழகுசாதனத்தில் மில்லியனில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருப்பதை 2020க்குப் பிறகு தடை செய்தது. 2023இல் அந்த ஒரு பங்குச் சலுகையையும் எடுத்துவிட்டார்கள். இலங்கையும் அந்த உடன்படிக்கையில் உண்டு. ஆனாலும் டப்பா கைப்பைக்குள் வருகிறது.

அந்த டப்பாவில் என்ன இருக்கிறதென்று பார்வையால் சொல்ல முடியாது. "பட்டியல் இல்லாததை நாங்கள் விக்கிறேல்லை அன்ரி, பூசுறதை நிப்பாட்டிட்டு மகளைத் தோல் டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்றேன். ஸ்டீரொயிட் என்றால் நிறுத்தியதும் சிவந்து எரியும், அப்போது திரும்ப அதையே தேடுவார்கள், அதையும் சொன்னேன். அவர் முகம் சுளித்துக்கொண்டு அடுத்த கடைப் பக்கம் போனார். எனக்குக் கோபம் அவரில் இல்லை. மகளைப் பார்க்க வருகிறவர்கள் 'பெட்டை கொஞ்சம் கறுப்பு' என்று அவர் காதுபடச் சொல்லியிருப்பார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

முடிவாகிவிட்டது. கிழமைக்கு ஒருதரம் எண்ணெய் வழிகிற இடத்துக்குக் களிமண், கன்னத்துக்கு மாமியின் கடலைமா தயிர். இரவில் வாசனையில்லாத சாதாரணக் கிறீம், பகலில் வெயிலுக்குப் பூசுகிறது. கல்யாணக் கிழமையில் புதிதாக ஒன்றும் தொடக்கூடாது. கறுப்பு மருதோன்றியும் வேண்டாம் என்று எழுதி வைத்தேன். அதில் கலக்கிற பிபிடி என்ற தலைமயிர்ச் சாயப் பொருள் ஒத்துவராவிட்டால் கை முழுக்கக் கொப்புளம்.

மிச்சம் அந்தத் தங்க மாஸ்க். தண்ணீர், பொலிவினைல் அல்கஹோல், அல்கஹோல், வாசனை, மைக்கா, ஒரு மஞ்சள் சாயம். தங்கம் எங்கேயும் இல்லை. பொலிவினைல் அல்கஹோல் காய்ந்து படலமாகும் பசை. அதை உரிக்கும்போது அழுக்கோடு பூனை மயிரும் தோலின் மேற்படையும் சேர்ந்து வரும். சித்தி கேட்டால் பூசினது என்று சொல்லச் சொன்னார் மாமா. பவுண் விற்கிற விலையில் அந்தப் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று முதலில் சந்தேகப்பட்டவரும் அவர்தான்.

அதற்குள் பின்னேரம் மணப்பெண் அலங்காரம் செய்கிற அக்கா போன் எடுத்தார். பொன்னுருக்குக்கு முதல் நாள் 'கோல்ட் பேஷல்' ஒன்று பக்கேஜில் இருக்கிறதாம், காசு ஏற்கெனவே கட்டியாகிவிட்டதாம். பொருளின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். பெட்டியின் முன்பக்கம் வந்தது, மினுமினுவென்று. பின்பக்கத்தையும் அனுப்புங்கோ அக்கா என்று மச்சாள் எழுதினாள். நீல இரட்டைக் கோடு விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. நாளைக்கும் வராவிட்டால் அந்தக் காசுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து முழுக வார்க்கச் சொல்லிக் கேட்கப்போகிறாள்.