எந்த நாட்டுக் கேம் கெசட் இது?

"அண்ணே, சின்ன வயசுல லயத்துல இந்த இடத்த சும்மா தாண்டிருவேன். இப்ப போன்ல அதே கேம்தான், முடியவே மாட்டேங்குது. கோளாறு எதுல?"

பழைய டீவி கேம் பழுதுபார்க்கும் மேசைக்கு ஹட்டனிலும் பண்டாரவளையிலும் வந்து சேரும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கேட்பவரின் கையிலும் கோளாறில்லை, போனிலும் கோளாறில்லை. அன்று ஆடியதும் இன்று ஆடுவதும் ஒரே பெயர் கொண்ட இரண்டு விளையாட்டுகள். அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: எந்த நாட்டுப் பதிப்பு, எந்த வேகம், சேமிக்கும் வழி உண்டா.

வேகத்திலிருந்து தொடங்கலாம், நம் ஊரில் அதுதான் முதல் காரணம். 1982-ல் தொடங்கிய அரச தொலைக்காட்சி ரூபவாஹினி பயன்படுத்தியது 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறை: 625 வரி, விநாடிக்கு 50 புலம், அதாவது திரை 50 முறை புதுப்பிக்கப்படும். பிதுருதலாகலை உச்சிக் கோபுரத்திலிருந்து வந்ததும் அதுவே, லயத்து டீவிகள் பிடித்ததும் அதுவே. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 525 வரி, 60 புலம். அந்தக் கால விளையாட்டு கடிகாரத்தைப் பார்த்து ஓடாது. படம் ஒருமுறை புதுப்பிக்கப்படும்போதெல்லாம் ஓர் அடி எடுத்து வைக்கும். 60-க்கு எழுதிய விளையாட்டை 50-ல் ஓட்டினால் நாயகன், பகைவன், பறந்து வரும் கத்தி எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். ஆடுபவரின் விரல் மட்டும் மெதுவாகாது. 50-ல் பழகியவர் எமுலேட்டரில் (பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருளில்) 60-க்குப் போகும்போது எல்லாம் 20 சதவீதம் வேகமாக வந்து மோதும். மேலே கேட்ட கேள்விக்குப் பாதி விடை இதுவே.

இதைச் சோதிக்க மீட்டர் தேவையில்லை. தொடக்கத் திரையின் இசை ஒரு சுற்று ஓடும் நேரத்தைப் போனின் ஸ்டாப்வாட்சில் அளந்தால் போதும். 60 ஹெர்ட்ஸில் 60 விநாடி ஓடும் இசை, திருத்தப்படாமல் 50-ல் ஓடினால் 72 விநாடி எடுக்கும். அடுத்து சுருதியைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய என்.இ.எஸ். (நின்டெண்டோவின் டீவி கேம் கருவி) செயலிச் சில்லு 1.66 மெகாஹெர்ட்ஸ், அதே கருவியின் ஜப்பானிய வடிவமான ஃபமிகாமில் 1.79. ஆகவே ஜப்பானிய இசை ஐரோப்பியக் கருவியில் மெதுவாவதோடு ஒரு அரைச்சுரத்துக்கும் சற்று அதிகமாக இறங்கி ஒலிக்கும். 50 ஹெர்ட்ஸ் டீவிக்கென்று செய்த நகல் கருவிகளில் செயலி 1.77. அவற்றில் தாளம் மட்டும் தளரும், சுருதி ஏறக்குறைய அப்படியே நிற்கும். மெதுவான தாளம், சரியான சுருதி என்றால் அது நகல் கருவி. அதில் ஃபமிகாம் வகை 60 முனைக் கெசட் போட்டு ஆடியவர் அனுபவித்தது ஜப்பானிய விதியும் ஐரோப்பிய வேகமும் கலந்த மூன்றாவது ஒரு பதிப்பு. அதை ஜப்பானியப் பிள்ளையும் ஆடவில்லை, அமெரிக்கப் பிள்ளையும் ஆடவில்லை.

எமுலேட்டரிலும் அந்த அனுபவத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். எஃப்.சி.இ.யு.எக்ஸ், மெசன் போன்றவற்றில் பிராந்தியத் தெரிவில் என்.டி.எஸ்.சி. (ஜப்பான், அமெரிக்க முறை), பால் இரண்டோடு 'டெண்டி' என்று ஒன்று இருக்கும். நகல் கருவியின் கணக்கு அதுவே. பால் என்பதைத் தெரிவு செய்தால் ஐரோப்பியக் கருவியின் கணக்கு வரும். ஜப்பானியக் கோப்பில் திரையின் மேல்பட்டை நடுங்கக்கூடும், ஏனெனில் ஒரு வரிக்குச் செயலிக்குக் கிடைக்கும் நேரம் வேறு.

இனி விதி. 'செல்டா 2' என்ற விளையாட்டு இதற்குச் சரியான பாடம். 1987-ல் ஜப்பானில் வட்டில் வந்தது, 1988-ல் அமெரிக்காவுக்குக் கெசட்டில் போனது. தாக்கு, மந்திரம், உயிர் என்று மூன்று நிலைகள், ஒவ்வொன்றும் 8 வரை ஏறும். அமெரிக்கப் பதிப்பில் ஆட்டம் முடிந்தால் சேர்த்த அனுபவப் புள்ளிகள் மட்டும் போகும், ஏறிய நிலைகள் நிற்கும். ஜப்பானிய வட்டில் மூன்றுமே அவற்றுள் மிகத் தாழ்ந்த நிலைக்கு இறங்கிவிடும். தாக்கு 6, மந்திரம் 5, உயிர் 2 என்று வைத்திருந்தவர் ஒரு தோல்வியில் 2, 2, 2. தாக்கை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓடும் அமெரிக்க உத்தி அங்கே ஆளைக் கவிழ்க்கும். மூன்றையும் சமமாக ஏற்றுவதே வழி. எந்தப் பதிப்பு என்று கேட்காமல் உத்தி சொல்லிக்கொடுப்பது பிழை.

அப்படியானால் ஜப்பானியது எப்போதுமே கடினமா? இல்லை, பல இடங்களில் தலைகீழ். 'காசில்வேனியா 3' ஜப்பானில் 1989, அமெரிக்காவில் 1990. ஜப்பானியப் பதிப்பில் அடியின் வலி பகைவனைப் பொறுத்தது: சிறிய வௌவாலுக்குக் குறைவு, பெரியவனுக்கு அதிகம். அமெரிக்கப் பதிப்பில் அது கட்டத்தைப் பொறுத்தது. பிற்கட்டங்களில் எது தொட்டாலும் பலத்த அடி. கிராண்ட் என்ற துணைவன் ஜப்பானியதில் கத்தியை எறிவான், அமெரிக்கதில் கிட்டப் போய்க் குத்த வேண்டும். 'நிஞ்சா கைடன் 3' இன்னும் கொடுமை: அமெரிக்காவுக்குப் போகும்போது வலி கூடியது, தொடரும் வாய்ப்பு 5 என்று கட்டுப்பட்டது, கடவுச்சொல் நீங்கியது. 1996-ல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்'கூட அமெரிக்காவில் தானாகக் குறிபார்க்கும் வசதியை இழந்தது, சேமிக்கும் மை ரிப்பனும் குறைந்தது. அமெரிக்காவில் அன்று விளையாட்டை வாடகைக்கு எடுக்க முடிந்தது, ஜப்பானில் அந்த வழக்கம் இல்லை. ஒரு சனி ஞாயிறில் முடித்துவிட்டால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? விற்பனைக் கணக்கு ஆடுபவரின் முதுகில் ஏறியது. இது கலையின் கடினம் அல்ல என்பதே எங்கள் எண்ணம். ஜப்பானிய 'காசில்வேனியா 3'தான் நியாயமாக அடிக்கிறது.

சில தடைகள் கருவியின் உறுப்பால் வருபவை. முதல் 'செல்டா'வில் முயல் காது வைத்த போல்ஸ் வாய்ஸ் என்றொரு பிராணி. ஃபமிகாமின் இரண்டாம் கைப்பிடியில் மைக் உண்டு, அதில் கத்தினால் அறையிலுள்ளவை எல்லாம் சாகும். அமெரிக்கக் கைப்பிடியில் மைக் கிடையாது. ஆனாலும் கையேடு அது உரத்த சத்தத்தை வெறுக்கும் என்றே சொன்னது. அங்கே ஆயுதம் அம்பு. மைக் இல்லாத நகல் கருவியில் ஜப்பானியப் பதிப்பைப் போட்டால் வாளால் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சில எமுலேட்டர்களில் மைக்குக்கு ஒரு விசை ஒதுக்கலாம், அமைப்புகளில் தேடிப் பாருங்கள்.

குறிப்பு வாசகமும் தடைதான். 'சைமன்ஸ் குவெஸ்ட்' என்ற 'காசில்வேனியா 2' ஆங்கிலத்தில் டெபோரா மலைமுகட்டைத் தலையால் முட்டச் சொல்லும். செய்ய வேண்டியது வேறு: சிவப்புப் படிகத்தைத் தெரிவு செய்து, முகட்டின் ஓரத்தில் சில விநாடி மண்டியிட்டிருந்தால் சூறாவளி வந்து தூக்கிப்போகும்.

சேமிப்பை மறக்கக் கூடாது. அசல் அமெரிக்க 'செல்டா' கெசட்டில் சி.ஆர். 2032 பேட்டரி உண்டு. கழற்றினால் பதிவு போகும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திறக்க 3.8 மில்லிமீட்டர் சிறப்புத் திருகி. ஆட்டத்தை அணைக்கும்போது ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி அணைக்க வேண்டும். சாகாமல் சேமிக்க, பொருட்களைத் தெரிவு செய்யும் திரையில் இருக்கும்போது இரண்டாம் கைப்பிடியில் மேல் அம்பையும் ஏ-யையும் சேர்த்து அழுத்தலாம். பல ஆட்டங்கள் அடங்கிய மலிவுக் கெசட்டில் பேட்டரியே இராது. கரண்ட் போனால் அன்றைய பயணம் முழுதும் போகும். அந்தப் பதிப்பின் உண்மையான கடினம் அதுதான்.

கடைசியில்தான் உண்மைப் பழுது. நுவரெலியாவின் பனிமூட்டம் கெசட் முனைகளைச் சீக்கிரம் கறுக்க வைக்கும். படம் வந்து சத்தம் வராவிட்டால் 60 முனைக் கெசட்டில் 45, 46-ஐப் பாருங்கள். கருவியின் ஒலி அந்த இரண்டின் வழியாகக் கெசட்டுக்குள் போய்த் திரும்புகிறது. பகைவன் வரும் ஓசை கேட்காமல் ஆடுவதும் கடினமே. வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் இன்னும் கறுக்க வைக்கும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொபைல் அல்ககோலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே செருகவும். தாண்டும்போது மட்டும் தவறினால் கைப்பிடியின் கார்பன் ரப்பர் தேய்ந்திருக்கலாம். எல்லாமே ஒரு கணம் பிந்தினால் தட்டை டீவியைச் சந்தேகியுங்கள்: 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிவிநாடி, 50 மில்லிவிநாடித் தாமதம் என்றால் மூன்று படம் பிந்துகிறது. கேம் மோடைப் போட்டு மறுபடி ஆடிப் பார்க்கவும்.

வேலை முடிந்ததும் கெசட்டின் பின்புறம் ஒரு சிறு ஸ்டிக்கர்: நாடு, ஓடிய வேகம், பேட்டரி மாற்றிய மாதம்.