முட்டை, சம்பளப் பாக்கி, கார்னர் கிக்: கடைசி இடத்திலிருந்த டீமோடு இரண்டு சீசன்

சென்னை ஃபுட்பால் லீக்கில் சம்பளத்துக்கு ஆடும் ஒரு டீமுக்கு நான் மேனேஜராகப் போனபோது, அந்த சீசனில் மட்டும் அவர்கள் மூன்று கோச்சைப் பார்த்துவிட்டிருந்தார்கள். அட்டவணையில் கடைசி இடம். கிளப் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

முட்டி போகும்வரை நானும் ஆடியவன்தான். அதனால் போன முதல் நாளே கிரவுண்டில் இறங்கி நாலு வார்த்தை பேசி, பசங்களை உசுப்பேத்தலாம் என்று நினைத்திருந்தேன். காலை ஆறு மணிக்குப் போனால் இருபத்திரண்டு பேரில் பதின்மூன்று பேர்தான் நின்றார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டதற்கு கீப்பர் சிரித்தான். "மலப்புரம் சார். செவன்ஸ்."

தெரியாதவர்களுக்கு: கேரளாவில் செவன்ஸ் என்பது தனி உலகம். பக்கத்துக்கு ஏழு பேர், ராத்திரி லைட் வெளிச்சம், கம்பு கட்டிய கேலரியில் நெருக்கியடித்த கூட்டம். ஆட்டம் முடிந்த கையோடு பணம் கைக்கு வந்துவிடும். தரை கரடுமுரடு, தட்டி விழுத்துவதும் அதிகம். கால் போனால் போனதுதான். ஆனால் எங்கள் கிளப்பில் மூன்று மாதச் சம்பளம் பாக்கி. வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு பையன் வீட்டு வாடகைக்கு என்ன செய்வான்? அவனிடம் போய் கமிட்மென்ட் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டிக்ஸ் போர்டை ஓரமாக வைத்துவிட்டு கணக்கு நோட்டைக் கேட்டேன். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரே தாளில் எழுதி ஓனரிடம் கொண்டுபோனேன். அவர் அதைப் பார்க்காமலே, "ஒரு நல்ல ஃபாரின் ஸ்ட்ரைக்கர் பிடிச்சா எல்லாம் சரியாயிடும்" என்றார். நான் ஃபிஃபா விதியைச் சொன்னேன். இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோனால், வீரர் எழுத்துப்பூர்வமாகப் பதினைந்து நாள் கெடு கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். நஷ்ட ஈடும் கேட்கலாம். பசங்களில் ஒருத்தனுக்கும் இது தெரியாது. ஓனருக்கும் தெரிந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்ககிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். சொல்லவில்லை, ஆனால் சொல்லுவேன் என்றேன். (அன்றைக்கே வேலை போயிருக்கும் என்று வீட்டில் இன்னமும் சொல்லிக்காட்டுவார்கள்.) பாக்கி இரண்டு தவணையில் வந்தது. இரண்டாவது தவணை வந்த வாரம் மலப்புரம் போனவர்களில் ஆறு பேர் திரும்பினார்கள்.

ஃபாரின் ஸ்ட்ரைக்கர் பேச்சு மட்டும் ஓயவில்லை. ஓனர் எடுத்துக்காட்டுக்குக் கொண்டுவந்தது சென்னை சிட்டி எஃப்சியை. 2017-18 ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் பத்து அணிகளில் எட்டாவது இடம், அடுத்த வருஷமே சாம்பியன். எல்லோருக்கும் நினைவிருப்பது ஃபாரின் ஸ்ட்ரைக்கர் பெட்ரோ மான்சி அடித்த 21 கோல்தான். ஆனால் கோச் அக்பர் நவாஸ் முதலில் எப்படி ஆட வேண்டும் என்று முடிவு செய்தார், அதற்கேற்ற ஸ்பெயின் வீரர்கள் வந்தார்கள், அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் மாதிரி நம்ம ஊர்ப் பசங்களும் சேர்ந்து ஆடினார்கள். 2019 மார்ச்சில் கோவையில் நடந்த கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயின்டில் தாண்டினார்களே, அதில் இரண்டு கோல் அடித்தது மான்சி இல்லை, கவுரவ் போரா. அவர் டிஃபென்ஸ் ஆள். இதையெல்லாம் ஓனர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அப்போ கோச்சை மாத்தலாமா?" என்றார்.

இதற்குப் பதில் சொல்வது கஷ்டம், ஏனென்றால் கோச்சை மாற்றி உருப்பட்ட கதையும் நம் ஊரிலேயே இருக்கிறது. 2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் கோச்சாக வந்தபோது, ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) சென்னையின் எஃப்சி அட்டவணையின் அடிப்பக்கத்தில் கிடந்தது. பெரும்பாலும் அதே ஆட்களை வைத்துக்கொண்டு அவர் ஃபைனல் வரைக்கும் போனார். 2020 மார்ச்சில் கோவா ஃபடோர்டாவில், ஆளில்லாத மைதானத்தில், கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றார்கள். ஆனால் கோய்ல் வந்த இடத்தில் வால்ஸ்கிஸ், கிரிவெல்லரோ என்று நல்ல ஃபாரின் ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். எங்களிடம் இருந்தது அப்போதுதான் சம்பளப் பாக்கியைக் கண்ணால் பார்த்த பசங்க. நாலாவது கோச் வந்து என்ன செய்வார்? இருக்கிற கோச்சுக்கே ஒரு முழு சீசன் கேட்டு வாங்கினேன்.

பிறகுதான் ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். வீடியோ என்றால் கேலரியின் மேல்படியில் நின்று போனில் எடுத்ததுதான். கோச்சும் நானும் வாங்கிய கோல்களை மட்டும் வரிசையாக ஓட்டிப் பார்த்தோம். பாதிக்கு மேல் கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் போயிருந்தது. மிச்சத்தில் பெரும்பகுதி கடைசி இருபது நிமிஷத்தில்.

கடைசி இருபது நிமிஷத்துக்கு விடை கிரவுண்டில் கிடைக்கவில்லை, வாசலில் இருந்த டீக்கடையில் கிடைத்தது. பசங்களுக்குக் காலையில் ஒரு டீ, இரண்டு பொறை. அதைச் சாப்பிட்டுவிட்டு பிராக்டிஸ். முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு மதியம்வரை சாப்பாடு டெலிவரி. ஊருக்கெல்லாம் பிரியாணி கொண்டுபோய்க் கொடுப்பவன் வெறும் வயிற்றோடு இருக்கிறான். பக்கத்துத் தெருவில் இட்லி போடும் அக்காவிடம் மாதக் கணக்கு வைத்தோம். பிராக்டிஸ் முடிந்ததும் இட்லி, ஆளுக்கு இரண்டு முட்டை, வாழைப்பழம். ஃபாரின் ஸ்ட்ரைக்கருக்கு வாங்கும் விமான டிக்கெட்டை விட இது மலிவு என்று ஓனரிடம் சொல்லித்தான் பணம் வாங்கினேன்.

கார்னர் விஷயம் இன்னும் எளிது, அதைவிட அலுப்பு. யார் எந்த இடத்தில் நிற்பது, கீப்பர் என்ன சொல்லிக் கத்துவது, முதல் போஸ்ட்டில் யார். வாரம் இரண்டு நாள் அரைமணி நேரம் அதே வேலை. பசங்க திட்டினார்கள்.

நான் பெரிதாகச் சொதப்பியது கேப்டன் விஷயத்தில். முப்பத்துநாலு வயது ஸ்டாப்பர், அதாவது நடு டிஃபென்டர். கிளப்பில் பத்து வருஷம். திரும்பி ஓடும்போது வேகம் போய்விட்டது, வீடியோவில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அவரை உட்கார வைக்க முடிவெடுத்தோம். சரியான முடிவு. ஆனால் அவரிடம் சொல்வதற்கு முன்னால் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டேன். பார்த்தார், ஷூ பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பத்து நாள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். "டிராப் பண்ணது தப்பில்லண்ணா. நீங்க வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அடுத்த திங்கட்கிழமை தானாக வந்து, கார்னர் பிராக்டிஸில் யார் எங்கே நிற்கவேண்டும் என்று இழுத்து நிறுத்த ஆரம்பித்தார். இப்போது அது அவர் பொறுப்பு. கோச்கூட அதில் வாய் வைப்பதில்லை.

ஆள் சேர்த்ததில் பெரிய கதை இல்லை. பழைய கிளப்பிடம் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்குவதும், அகில இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷனின் ஆன்லைன் ரிஜிஸ்ட்ரேஷனில் ஏற்றுவதும்தான் வேலை. எடுத்தது நாலு பேர். ஒருத்தன்கூட ஸ்ட்ரைக்கர் இல்லை.

புது சீசனின் முதல் நாலு ஆட்டம்: 0-0, 0-1, 0-0, 1-1. ஓனர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். எனக்கோ நிம்மதியாகத் தூக்கம் வந்தது, ஏனென்றால் இரண்டே கோல்தான் வாங்கியிருந்தோம், இரண்டும் கார்னரில் இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில் எண்பத்தோராவது நிமிஷம் எங்கள் பையன் எதிர் டிஃபென்டரைத் தாண்டி ஓடினான். அவன் ஓடவில்லை, எதிராளிதான் நின்றுவிட்டான். 1-0. சீசன் முடிவில் அட்டவணையின் நடுவில் இருந்தோம். கோப்பை கீப்பை ஒன்றுமில்லை. கீழ் டிவிஷனுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் ஓனர் கூப்பிட்டார். இந்த முறை பிரேசில் ஆள் ஒருத்தனின் வீடியோ அனுப்பியிருந்தார், பின்னணியில் பாட்டோடு. நல்லாத்தான் ஆடுகிறான். ஒரு லெஃப்ட் பேக் போதும் என்று சொல்லியிருக்கிறேன். இட்லி அக்கா முட்டை விலை ஏறிவிட்டது என்கிறார், அதையும் சேர்த்துச் சொன்னேன். இன்னும் பதில் வரவில்லை.