‘நான்’ என்பதற்கு மூன்று சொற்கள்

ஃபின்லாந்தின் வான்தா நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியாளராகச் சேர்ந்த முதல் வாரம், காபி இடைவேளைகளில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். குடியேறியவர்களுக்கான வகுப்பில் ஒரு வருடம் ஃபின்னிஷ் படித்தவள் நான். பதினைந்து வேற்றுமைகளும் மனப்பாடம். ஆனால் வகுப்பில் ‘நான்’ என்பதற்கு ‘மினா’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே எல்லோரும் ‘மா’ என்றார்கள். எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்பது தமிழருக்குப் புதிதா என்ன? அது புரிந்ததும் காதும் மெல்லப் பழகியது.

என் பொறுப்பில் இருந்த தொண்ணூறு வயதுப் பாட்டியோ ‘மியே’ என்றார். (இங்கே யாரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள், என் மனதுக்குள் அவர் பாட்டிதான்.) அது கிழக்கே ரஷ்ய எல்லையை ஒட்டிய கரேலியப் பக்கத்துப் பேச்சு என்றார் சக ஊழியர். பாட்டிக்கு மறதி நோய். போர்வையின் ஓரத்தை விரல் நுனிகளால் மடித்து மடித்துக் கிள்ளிக்கொண்டே இருப்பார். பதற்றம் என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரேலியப் பலகாரம் செய்தோம். ரை என்ற தானிய மாவை மெல்லிசாகத் தேய்த்து, நடுவில் அரிசிக் கஞ்சியைப் பரப்பி, சுற்றிலும் ஓரத்தைக் கிள்ளி மடிக்க வேண்டும். சோமாசிக்கு அம்மா மடிப்பதுபோல நானும் மடித்துக்கொண்டிருந்தேன். பாட்டி என் கையிலிருந்து மாவை வாங்கினார். போர்வையில் பார்த்த அதே விரல்கள், அதே மடிப்பு. பிறகு பேசத் தொடங்கினார். 1944-இல் ஊரைவிட்டு வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. புதுப் பள்ளிக்கூடத்தில் ‘மியே’ என்றதும் வகுப்பே சிரித்ததாம். அதன்பின் அந்தச் சொல்லை வீட்டில் மட்டும் வைத்துக்கொண்டாராம்.

போரில் சோவியத் யூனியனிடம் போன கரேலியாவிலிருந்து அப்படி வந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். ஃபின்லாந்தின் அன்றைய மக்கள்தொகையில் பத்தில் ஒருவர். 1945-இல் அரசு சட்டம் இயற்றி அவர்களுக்கு நிலம் கொடுத்தது. அவர்கள் இந்த நாட்டுக் குடிமக்கள். எங்கள் நிலை வேறு என்பதை அறிவேன். ஆனாலும் வேர்விட எவருக்கும் காலம் வேண்டும். 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, வேலை அனுமதியில் இருப்பவர் வேலையை இழந்தால் மூன்று மாதத்துக்குள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு மட்டும் ஆறு மாதம். எனக்குத் தெரிந்த ஒரு பெண், மொழித் தேர்வுக்குப் பணம் கட்டிய கொஞ்ச நாளிலேயே மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. முதியவர்களின் பேச்சைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவள் அவள். அந்த இழப்பு அவளுக்கு மட்டுமானதல்ல என்பதை இந்த வேலையில் இருக்கும் எவரும் சொல்வார்கள்.

மறுநாள் குறிப்பேட்டில் என் வரியைத் திருத்தினேன். பதற்றம் அல்ல, பலகாரத்துக்கு ஓரம் மடிக்கிறார் என்று எழுதினேன். இப்போது பாட்டியின் கையில் மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றைக் கொடுக்கிறோம். காலையில் அவரை எழுப்பும்போது நானும் ‘மியே’ என்றுதான் சொல்கிறேன்.