45 டிகிரி என்று எழுதிவிட்டால் போதுமா?

நொதிகளைப் பற்றிய எந்த ஆய்வுக் கட்டுரையை எடுத்தாலும் 'உகந்த வெப்பநிலை' என்று ஓர் எண் இருக்கும். கடல் நத்தைகளின் நொதிகளோடு வேலை பார்க்க வந்த பிறகு அந்த எண்ணை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

ஜப்பானின் ஹொக்கைடோவில் எங்கள் ஆய்வகம் எடுத்துக்கொண்டது எசோ அவாபி. அபலோன் வகை நத்தை, ஜப்பானியர் 'கொம்பு' (kombu) என்று சொல்லும் பாசியைப் போன்ற பழுப்புக் கடற்பாசிகளைத் தின்று வாழ்வது. பாசியின் செல்சுவரில் இருக்கும் ஆல்ஜினேட் என்ற சர்க்கரைச் சங்கிலியை உடைக்க அதன் செரிமானச் சுரப்பியில் ஒரு லையேஸ் நொதி இருக்கிறது. சிறிய புரதம், மூலக்கூறு எடை சுமார் 28 கிலோடால்டன்தான். இது தண்ணீரைச் சேர்த்துச் சங்கிலியை வெட்டுவதில்லை, வெட்டிய இடத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பை விட்டுவிட்டுப் போகிறது. அந்தப் பிணைப்பு 235 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சுவதால் நொதியின் வேகத்தை ஒளி உறிஞ்சலை அளக்கும் ஃபோட்டோமீட்டரிலேயே பார்க்கலாம். கோடு ஏறுவதைப் பார்க்க இன்றைக்கும் எனக்கு அலுப்பதில்லை.

இதன் உகந்த நிலை பிஎச் 8, 45 டிகிரி செல்சியஸ். ஆனால் அது சில நிமிட அளவீட்டில் கிடைக்கும் எண். அதே சூட்டில் நொதியைச் சும்மா வைத்திருந்து பிறகு அளந்தால் செயல் மளமளவென்று இறங்கிவிடும். சூடு வினையையும் வேகப்படுத்துகிறது, புரதத்தையும் குலைக்கிறது, எது முந்துகிறது என்பதுதான் கணக்கு. குளிர்ந்த கடலில் வாழும் நத்தைக்கு 45 டிகிரியைத் தாங்கவேண்டிய அவசியமே வந்ததில்லையே!

கட்டமைப்பைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் புரியும். கடல் முயல் என்ற இன்னொரு கடல் நத்தையிடம் இருக்கும், இதே நொதிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நொதிக்குப் படிக அமைப்பு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பீட்டா இழைகள் எனப்படும் புரத இழைகளாலான இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வளைந்து, குவித்த உள்ளங்கை போல ஒரு பள்ளத்தை உண்டாக்குகின்றன, ஆல்ஜினேட் சங்கிலி அதில்தான் வந்து படுக்கிறது.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது அதே கடல் முயலின் இன்னொரு நொதி. பழுப்புப் பாசியின் இன்னொரு சர்க்கரைச் சங்கிலியான லாமினரினின் துண்டுகளை குளுக்கோஸாக்கும் பீட்டா குளுக்கோசிடேஸ் அது. பழுப்புப் பாசிகள் தங்களைக் காத்துக்கொள்ள ஃபுளோரோடானின் என்ற ஃபீனால் சேர்மங்களை வைத்திருக்கின்றன, அவை இந்த நொதியை முடக்கிவிடும். கடல் முயலின் செரிமான நீரிலோ இஎச்இபி என்று ஒரு சிறு புரதம் இருந்து, அந்த டானினைப் பிடித்துக்கொண்டு வீழ்படிவாகிவிடுகிறது, நொதி தப்பிக்கிறது. இரண்டின் கட்டமைப்பும் 2023-இல் வெளியானபோது எங்கள் ஆய்வகத்தில் அதைத் திரும்பத் திரும்பப் பேசினோம். ஏனென்றால் நாங்கள் அம்மோனியம் சல்பேட் உப்பால் புரதத்தை வீழ்படிவாக்குவதிலிருந்து குரோமடோகிராபி பத்தியில் (column) பிரிப்பது வரைக்கும் குளிர் அறையில் நின்று நொதியைப் படிப்படியாகச் சுத்தம் செய்யும்போது இந்த மாதிரித் துணைப் புரதங்களைத்தான் முதலில் கழித்துக் கொட்டுகிறோம்.

அதனால் இப்போது கச்சாச் சாற்றிலும் ஒரு பகுதியை எடுத்து வைக்கிறேன். சுத்தமான நொதிக்குச் செய்யும் வெப்பச் சோதனையை அதற்கும் செய்கிறேன், பாசிச் சாறு சேர்த்தும் சேர்க்காமலும். அப்புறம், புதிதாகச் சேரும் மாணவர்களிடம் வெப்பநிலையை எழுதும்போது பக்கத்திலேயே எத்தனை நிமிடம் என்பதையும் எழுதச் சொல்கிறேன்.