அல்சூர் நாட்குறிப்பு: இரு மாறிக் கணக்குகள்

ஜூலை 7

பத்தாம் வகுப்பில் படிக்கும் அக்காள் மகளுக்கு, இரு மாறிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் நீக்கல் முறையும் பிரதியிடல் முறையும் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் வாக்கியத்திலிருந்து சமன்பாட்டை எடுக்கச் சொன்னால் திணறுகிறாள். இன்று அவளுக்கு ஒரு வயதுக் கணக்கு கொடுத்தேன்: நான்கு ஆண்டுகளுக்கு முன் தாயின் வயது மகளின் வயதைப்போல் ஐந்து மடங்கு, இன்னும் மூன்று ஆண்டுகளில் அது மூன்று மடங்காகும். தாயின் வயதை அ என்றும் மகளின் வயதை ம என்றும் வைத்துக்கொண்டு, அ − 4 = 5ம, அ + 3 = 3ம என்று எழுதிவிட்டு மளமளவெனத் தீர்த்தாள். மகளின் வயது கழித்தல் மூன்றரை என்று வந்தது. "சித்தி, இவள் இன்னும் பிறக்கவே இல்லையே!" என்றாள். தாய்க்கு நான்கு வயது குறையும்போது மகளுக்கும் குறையத்தானே வேண்டும்? அ − 4 = 5(ம − 4), அ + 3 = 3(ம + 3) என்று திருத்தியதும் தாய்க்கு 39, மகளுக்கு 11 என்று விடை வந்தது.

ஜூலை 9

மூன்று பென்சிலும் இரண்டு பேனாவும் 35 ரூபாய். ஆறு பென்சிலும் நான்கு பேனாவும் 80 ரூபாய். இதற்குத் தீர்வே கிடையாது, ஏனெனில் இரட்டிப்பாக வாங்கினால் 70 ரூபாய்தான் ஆக வேண்டும். 70 என்றே இருந்தாலும் விலை தெரியாது; இரண்டாம் வரி புதிதாக எதையும் சொல்லவில்லை.

ஜூலை 13

ஒன்பதாம் நூற்றாண்டில், கன்னட நாட்டை ஆண்ட ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில் வாழ்ந்த கணித அறிஞர் மகாவீரர், தம் 'கணித சார சங்கிரக'த்தில் வைத்த கணக்கை இன்று எடுத்துக்கொண்டோம். ஒன்பது நாரத்தம்பழமும் ஏழு விளாம்பழமும் சேர்ந்து விலை 107. ஏழு நாரத்தையும் ஒன்பது விளாவும் சேர்ந்து 101. அவள் வழக்கம்போல் முதல் சமன்பாட்டை 7-ஆலும் இரண்டாவதை 9-ஆலும் பெருக்கப் போனாள். அதற்குத் தேவையே இல்லை: இரண்டையும் கூட்டி 16-ஆல் வகுத்தால் விலைகளின் கூடுதல் 13, கழித்து 2-ஆல் வகுத்தால் வேறுபாடு 3, ஆகவே நாரத்தை 8, விளா 5. கெழுக்கள், அதாவது மாறிகளைப் பெருக்கும் எண்கள், இப்படி இடம் மாறி நிற்கும்போது மட்டுமே இந்தக் குறுக்குவழி செல்லும் என்பதால், பாடநூல்கள் இதற்குத் தனியிடம் தராததில் எனக்கு வியப்பில்லை, வருத்தம் உண்டு.

ஜூலை 14

இரண்டிலக்க எண்ணும் அதன் இலக்கங்களை மாற்றி எழுதிய எண்ணும் அதே வடிவம்தான் (இலக்கங்களைப் பெருக்கும் 10-உம் 1-உம் இடம் மாறுகின்றன) என்பதை இன்று அவளே கண்டுபிடித்தாள். கூட்டுத்தொகை 121, வேறுபாடு 27 என்றால், முன்னதை 11-ஆலும் பின்னதை 9-ஆலும் வகுத்து, இலக்கங்களின் கூடுதல் 11, வேறுபாடு 3 என்று மனக்கணக்காகவே 74-ஐச் சொல்லிவிட்டாள்.