சோவெய்: பெண்கள் அணிந்து ஆடும் கறுப்பு முகமூடி

மேற்கு ஆப்பிரிக்காவில் முகமூடி கட்டி ஆடுவது பெரும்பாலும் ஆண்களின் வேலை. சியரா லியோனின் மெண்டே மக்களிடம் அப்படியில்லை. சிறுமிகளைப் பெரிய மனுஷிகளாக்கும் சடங்கை சாண்டே என்ற பெண்கள் சங்கம் நடத்துகிறது. அதன் ஆவியான சோவெய்யாக முகமூடி அணிந்து ஆடுபவளும் பெண்தான். செதுக்குவது மட்டும் ஆண்.

முகமூடி என்றாலும் முகத்தில் கட்டுவதில்லை. குடத்தைக் கவிழ்ப்பதுபோல் தலைமேல் இறக்கிக்கொள்வார்கள். ஒரே மரத்துண்டு, சுமார் 40 செ.மீ. உயரம். ஈரமரத்தில் வாய்ச்சியால் உரு எடுத்து, உள்ளே குடைந்து, கத்தியால் நுணுக்கி, சொரசொரப்பான இலையால் தேய்ப்பார்கள். சுவர் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தால் காயும்போது வெடித்துவிடும். வாய் குறுகினால் தலை நுழையாது; அகன்றால் ஆடும்போது தள்ளாடும். பிறகு இலைச்சாற்றில் கறுப்பேற்றி, பாமாயில் தடவி மினுக்குவார்கள். இப்போது ஷூ பாலிஷும் உண்டு.

கழுத்தின் வளையங்களை நிதானமாகப் பாருங்கள். ஆவி நீருக்கடியிலிருந்து எழும்போது பரவும் அலை என்பார்கள் சிலர். செழிப்பான உடம்பின் மடிப்பு என்பார்கள் சிலர். இரண்டும் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். அகன்ற நெற்றி அறிவு. தாழ்ந்த கண் அடக்கம். மூடிய சிறுவாய் ரகசியம் காப்பது. நுணுக்கமான பின்னல் ஒருத்தி தனக்குத்தானே போட்டுக்கொள்ள முடியாதது. இன்னொரு பெண்ணின் கை வேண்டும். தோழமை அந்தச் சிகையிலேயே இருக்கிறது.

தலை மட்டும் சோவெய் ஆகாது. ராஃபியா என்ற பனைவகையின் கறுப்பு நார் தொங்க, கையும் காலும் துணியால் மூடியிருக்க வேண்டும். ஆடுபவளின் தோல் துளிகூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் அங்கே ஆவி இல்லை, மனுஷி இருக்கிறாள். அதனால்தான் கூடவே வரும் பெண்கள் அவிழும் நாரை உடனுக்குடன் கட்டுகிறார்கள். சோவெய் பேசாது, சைகைதான், அதை ஒரு துணைப்பெண் சொல்லில் சொல்வாள்.

இந்தச் சடங்கில் சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கமும் சேர்ந்திருக்கிறது. முகமூடியின் அழகைப் பேசுகிறவர்கள் இதை விழுங்கிவிடக் கூடாது. வெட்டுவதை விட்டுவிட்டு மற்ற சடங்குகளை மட்டும் செய்யும் முயற்சிகள் சியரா லியோனிலேயே நடக்கின்றன.

அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் நார் போய், தலை மட்டும் கம்பியில் நிற்கும். பார்க்க நேர்ந்தால் கீழ்விளிம்பைக் கவனியுங்கள்: வரிசையாகத் துளைகள் இருக்கும். நார் கட்டிய இடம் அது.