நான்கு பெட்டிகளைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு இன்டகிரேட்டட் ஆம்ப்

பல வருஷங்களாக எங்கள் வீட்டு ஹாலில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீ ஆம்ப் தனி, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் தனி, இசைத்தட்டின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜ் தனி, டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் டேக் தனி என்று நான்கு பெட்டிகள் இருந்தன. இந்த வருஷம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு இந்த நான்கு வேலையையும் ஒரே பெட்டிக்குள் செய்யும் யமஹாவின் ஏ-எஸ்501 என்ற ஒரே ஒரு இன்டகிரேட்டட் ஆம்ப் வாங்கிவிட்டேன். செய்தி கேட்ட நண்பர்களில் பாதிப் பேர் முதலில் கேட்டது, "ஏன், ஏதாவது பணக் கஷ்டமா?" என்றுதான். ஹை-ஃபை பிடித்தவர்கள் நடுவில் தனித்தனிப் பெட்டி என்றால் மேல்படி, இன்டகிரேட்டட் என்றால் கீழ்ப்படி என்று ஒரு கணக்கு ஊறிப்போயிருக்கிறது. சென்னை மாதிரி ஊரில், சாதாரண அளவு ஹாலில், சாதாரண ஸ்பீக்கரோடு கேட்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பது என் தீர்மானமான கருத்து. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தனித்தனியாகப் பிரித்ததற்கு அந்தக் காலத்தில் நல்ல காரணம் இருந்தது. இசைத்தட்டுதான் முக்கிய ஊற்று. டர்ன்டேபிளின் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் மூவிங் மேக்னட் வகை என்றால் அதிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். மூவிங் காயில் என்றால் அரை மில்லிவோல்ட்டோ அதற்கும் கீழோ. இவ்வளவு மெல்லிய சிக்னலைப் பெரிய ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தக் காந்தப்புலம் உள்ளே புகுந்து 'ம்ம்ம்' என்ற இரைச்சலாக வெளியே வரும். அதனால் மெல்லிய வேலையை ஒரு பெட்டியிலும் கனமான வேலையை இன்னொரு பெட்டியிலும் வைத்தார்கள். 1967-இல் வந்த குவாட் நிறுவனத்தின் 33 ப்ரீ ஆம்ப், 303 பவர் ஆம்ப் ஜோடியைப் பார்த்தால் அந்த யோசனை எவ்வளவு அழகாக வேலை செய்தது என்று தெரியும். ஆனால் சிடி வந்த பிறகு நிலைமையே வேறு. சிடி பிளேயரோ டேக்கோ தருவது 2 வோல்ட், அதாவது 5 மில்லிவோல்ட்டைப் போல 400 மடங்கு. பெரும்பாலான பவர் ஆம்புகள் ஒன்றிலிருந்து ஒன்றரை வோல்ட் கிடைத்தாலே முழு சக்தியைக் கொடுத்துவிடும். அப்படியானால் நடுவில் இருக்கிற ப்ரீ ஆம்ப் எதையும் பெருக்க வேண்டியதில்லை, குறைத்துக் கொடுத்தால் போதும். ஆனால் பழைய பழக்கத்தில் அதற்குள்ளும் பெருக்கத்தை வைத்தே விற்கிறார்கள். இரண்டு பெட்டியின் பெருக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பாட்டு ஓடாத நேரத்தில் மேல் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்குப் பக்கத்தில் காதை வைத்தால் 'ஸ்ஸ்' என்று கேட்கும்.

பெட்டிகளைத் தனித்தனியாக வாங்கினால் அவற்றைப் பொருத்தும் பொறுப்பும் நம் தலையில்தான். ஒரு நண்பர் வீட்டில் வால்வு ப்ரீ ஆம்ப், அதோடு புது கிளாஸ் டி பவர் ஆம்ப். இரண்டும் தனித்தனியே அருமையான பொருட்கள், சேர்த்தால் பேஸ் மட்டும் மெலிந்துபோய்விடும். பல மாதம் ஸ்பீக்கரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். விஷயம் எளிமையானது. ப்ரீ ஆம்பின் வெளியீட்டில் 0.47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருந்தது. அடுத்த பெட்டியின் உள்ளீட்டு மின்தடை எவ்வளவு குறைவோ, அவ்வளவு மேலிருந்தே அது கீழ் சுருதிகளை வெட்ட ஆரம்பிக்கும். 100 கிலோ ஓம் உள்ளீடு கொண்ட வால்வு பவர் ஆம்போடு சேரும்போது அது 3.4 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வெட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. புது பவர் ஆம்பின் உள்ளீடு 10 கிலோ ஓம். இப்போது வெட்டு 34 ஹெர்ட்ஸிலேயே ஆரம்பிக்கிறது. இதெல்லாம் விளம்பரத் தாளில் ஒரு ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும், யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். இன்டகிரேட்டட் ஆம்பில் இரண்டு பாதியையும் ஒரே குழுவே வடிவமைக்கிறது, எதன் வெளியீடு எதன் உள்ளீட்டுக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுத்து எர்த் பிரச்சினை. இது நம் ஊர் வீடுகளில் கேட்கும் இரைச்சலுக்குப் பெரிய காரணம். ப்ரீ ஆம்புக்கு ஒரு மூன்று பின் பிளக், பவர் ஆம்புக்கு இன்னொன்று, இரண்டையும், பாட்டு சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரின் வெளிச்சுற்று இணைக்கிறது. எர்த் வழியாகவும் வயர் வழியாகவும் ஒரு வளையம் உருவாகி, அதில் 50 ஹெர்ட்ஸ் ஓட ஆரம்பிக்கும். இதில் டிவியையும் சேர்த்து, அதன் செட்டாப் பாக்ஸுக்கு மொட்டை மாடியிலிருந்து கேபிள் வந்தால் வளையம் இன்னும் பெரிது. இதற்கு மருந்தாகப் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே ஏதாவது ஒரு வயர் கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்த எர்த் ஒன்றுதான் குழந்தைக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே நிற்கிறது. என் வீட்டில் இப்போது ப்ரீயும் பவரும் ஒரே பெட்டிக்குள், ஒரே தரைப்புள்ளியில். டிவியிலிருந்து வருவது ஆப்டிகல் வயர். அதில் போவது வெளிச்சம்தான், மின்சாரம் இல்லை, அதனால் வளையம் அங்கேயே அறுந்துவிடுகிறது. இரைச்சல் முழுவதும் நின்றுவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு வீணைக் கச்சேரி ஒன்றைப் போட்டுவிட்டு, ஒரு மீட்டு அடங்கி அடுத்த மீட்டு வரும் வரை உள்ள இடைவெளியில் அந்தக் கம்பியின் கார்வை எவ்வளவு தூரம் போகிறது என்று முதல் தடவையாகக் கடைசி வரை கேட்டேன். செலவழித்த பணத்துக்கு எனக்கு அங்கேயே பலன் கிடைத்துவிட்டது.

கரண்ட் போய் வருவதையும் சொல்ல வேண்டும். தனிப் பெட்டிகளுக்கு ஒரு முறை உண்டு: பவர் ஆம்பைக் கடைசியில் போட வேண்டும், முதலில் அணைக்க வேண்டும். இல்லையென்றால் ப்ரீ ஆம்ப் விழிக்கும்போது வரும் துள்ளலைப் பவர் ஆம்ப் பெருக்கி 'டப்' என்று ஸ்பீக்கருக்கு அனுப்பும். வீட்டில் எல்லாரும் இதை நினைவு வைத்திருந்தாலும் மின்வாரியத்துக்கு இந்த முறை தெரியாது. கரண்ட் திரும்பும்போது எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் உயிர்பெறும். இன்டகிரேட்டட் ஆம்பில் உள்ளே எல்லாம் நிலைக்கு வரும் வரை சில நொடிகள் காத்திருந்து, அப்புறம்தான் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் ஸ்பீக்கரை இணைக்கும். அந்த 'டிக்' சத்தம் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது.

வெயிலும் ஒரு காரணம். மின்பகு கெப்பாசிட்டர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது. மே மாதம் மூடிய அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு பெட்டிகள் இருந்தால் மேலே இருப்பதன் கதி என்ன? கடல் காற்று வேறு. கடற்கரையிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறோம், அப்படியும் ஆர்சிஏ முனைகளில் பாசி பிடித்த மாதிரி படலம் வரும், ஒரு பக்கம் கரகரக்கும், கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும். எத்தனை இணைப்பு குறைகிறதோ அத்தனை நல்லது.

சரி, சத்தம்? பழைய பவர் ஆம்ப் 150 வாட், இது 8 ஓமில் 85 வாட். எண்ணைப் பார்த்தால் பாதிக்குப் பாதி குறைந்த மாதிரி இருக்கும். சத்தத்தை அளக்கும் டெசிபலில் பார்த்தால் வித்தியாசம் இரண்டரைதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். என் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும். சாதாரணமாக உட்கார்ந்து கேட்கும் அளவுக்கு ஒரு வாட் கூடத் தேவைப்படுவதில்லை. சராசரியாக 0.3 வாட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், தவிலில் ஒரு அடி திடீரென்று 20 டெசிபல் மேலே எழும்பினால் அதற்கு நூறு மடங்கு, 30 வாட். அதற்கு மேலும் 85-க்குள் இடம் இருக்கிறது.

பழையவற்றைக் கொடுப்பதற்கு முன்னால் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தேன். இதை எல்லாரும் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் கடையில் நடக்கும் ஒப்பீடு பெரும்பாலும் ஒப்பீடே இல்லை. எது அரை டெசிபல் சத்தமாக ஓடுகிறதோ அது 'தெளிவாக' இருப்பதாகக் காது சொல்லிவிடும். அதனால் முதலில் சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை மெதுவாக ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டு ஆம்பிலும் ஒரே ஏசி வோல்டேஜ் வரும்படி குமிழைத் திருப்பினேன். சாதாரண மீட்டர்கள் இந்த அலைவரிசையில்தான் சரியாகக் காட்டும். அப்புறம் நான் திரும்பி உட்கார்ந்துகொள்ள, என் தம்பி இரண்டையும் அணைத்து, ஸ்பீக்கர் வயரை மாற்றியோ மாற்றாமலோ திரும்பப் போட்டான். நாதஸ்வரம், பழைய திரைப்பாடல், பியானோ, ஆண் குரல் என்று எல்லாம் போட்டுப் பார்த்தோம். எது எது என்று என்னால் நம்பிக்கையோடு சொல்ல முடியவில்லை. பிறகு தம்பி உட்கார, நான் மாற்றினேன். அவனாலும் முடியவில்லை. எங்கள் ஹால், எங்கள் ஸ்பீக்கர், நாங்கள் கேட்கும் அளவு, இந்த எல்லைக்குள் இது எனக்குப் போதுமான சான்று.

மாறாக, ஒரு விஷயத்தில் இந்தப் பெட்டி பழையதை விட எனக்கு மேல். அதன் லவுட்னஸ் குமிழ். சத்தம் குறையக் குறைய நம் காதுக்குக் கீழ் சுருதியும் மேல் சுருதியும் முதலில் மங்கும். ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். 'சுத்தமான' ப்ரீ ஆம்ப் என்று பெயர் வாங்கியவற்றில் டோன் குமிழ் கூட இருக்காது, அதைப் பெருமையாகவே சொல்வார்கள். அடுக்குமாடி வீட்டில் ராத்திரி மெதுவாகக் கேட்பவனுக்கு அந்தச் சுத்தத்தால் என்ன பயன்? மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் காணாமல் போய்விடும். யமஹாவில் இருப்பது சும்மா ஆன், ஆஃப் பொத்தான் இல்லை. முதலில் நாம் கேட்கக்கூடிய அதிகபட்ச சத்தத்துக்கு வால்யூமை வைத்துவிட வேண்டும், பிறகு சத்தத்தைக் குறைப்பது லவுட்னஸ் குமிழால். அது நடு சுருதிகளை அதிகமாகக் குறைத்து, கீழையும் மேலையும் காதுக்கு ஏற்றபடி நிற்கவைக்கிறது. இதில் இன்னொரு லாபம்: வால்யூம் குமிழ் அடிமட்டத்துக்கு வராது. அந்த அடிமட்டத்தில்தான் இடது, வலது இரண்டும் சரிசமமாக இல்லாமல் ஒரு பக்கம் சாயும்.

தனித்தனிப் பெட்டி யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மின்தடை 1 ஓம் வரை இறங்கி, ஆம்பிலிருந்து நிறைய மின்னோட்டம் இழுத்த அப்போஜி சின்டில்லா மாதிரி ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு அதைத் தாங்கும் பெரிய பவர் ஆம்ப் வேண்டும்தான். சுருதிகளை ஆம்புக்கு முன்னாலேயே பிரிக்கும் ஆக்டிவ் கிராஸோவர் போட்டு, கீழ் சுருதிக்கான வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப் ஓட்டுகிறவர், கல்யாண மண்டபம் அளவு அறை உள்ளவர், இவர்கள் விஷயமும் வேறு. மற்றவர்கள் 1978-இல் வந்த நாட் (NAD) 3020 என்ற இன்டகிரேட்டட் ஆம்பை நினைத்துக்கொள்ளலாம். 20 வாட், சின்ன பெட்டி, உலகம் முழுக்க எத்தனையோ வீடுகளில் நல்ல ஸ்பீக்கர்களை அழகாக ஓட்டியது. பின்பக்கம் ப்ரீயையும் பவரையும் இணைக்கும் உலோகத் துண்டுகளைக் கழற்றினால் வெளியிலிருந்து வேறு பவர் ஆம்பும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வசதி இப்போதைய மாடல்கள் பலவற்றில் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயத்தில் அழுத்திச் சொல்வேன். ஸ்ட்ரீமிங், ஆப், வைஃபை எல்லாம் உள்ளேயே வைத்து வரும் பெட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மரும் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கும் இருபது, முப்பது வருஷம் உழைக்கும், மென்பொருளுக்கு அந்த ஆயுள் கிடையாது. ஒரு நாள் ஆப் நின்றுபோனால் நல்ல ஆம்பின் பாதி முகம் செத்துவிடும். ஸ்ட்ரீமரை மட்டும் வெளியே ஒரு சின்ன டப்பாவாக வைத்துக்கொண்டால், நாளைக்கு அதை மட்டும் மாற்றலாம். கடைக்குப் போகும்போது ஃபோனோ உள்ளீடு இருக்கிறதா, 4 ஓம் ஸ்பீக்கரை ஓட்டலாம் என்று பின்பக்கம் போட்டிருக்கிறதா, சப் வூஃபருக்கு வெளியீடு உண்டா, ஸ்பீக்கர் முனைகள் உறுதியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்டியைத் தூக்கியும் பாருங்கள். ஏ-எஸ்501 பத்து கிலோவுக்குச் சற்று மேல்.

பழைய பெட்டிகளை விற்றதில் ஆம்ப் வாங்கியது போக மீதி வந்தது. அதில் பாதி ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்கும், சுவரில் தொங்கவிட்ட கனமான திரைக்கும் போனது. எதிரொலி குறைந்து பாட்டின் வார்த்தைகள் தெளிந்ததில் அந்தத் திரைக்குப் பெரிய பங்கு. மீதிப் பாதியை டர்ன்டேபிளுக்குப் புது ஊசி வாங்க வைத்திருக்கிறேன்.